நுளம்புக்கு அடிக்கும் புகையில் மடிவது எது?

டெங்குக் காய்ச்சலுக்கு எதிரான நடவடிக்கைகளைக் குறை கூறுவதற்காக நாம் இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400க்கும் அதிகமானோர் இறந்தனர். பிள்ளையின் இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணிக்கை ஏறியதா இறங்கியதா என்று தாதியரிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் தாய்மாரை வைத்தியசாலை விறாந்தைகளில் கண்டவர் எவரும் நுளம்பின் பக்கம் நின்று வழக்காட மாட்டார்.

எமது கேள்வி வேறு. வீட்டைச் சுற்றி அடிக்கப்படும் மருந்து நுளம்பை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லும் மருந்தல்ல. அது பூச்சிகளைக் கொல்லும் மருந்து. நுளம்பும் பூச்சி, தேனீயும் பூச்சி, பூசணிப் பூவுக்குள் புகுந்து மஞ்சள் பூசிக்கொண்டு வெளியே வரும் சிறு வண்டும் பூச்சி. இதைச் சொன்னால், “பிள்ளையின் உயிர் பெரிதா, தேனீயின் உயிர் பெரிதா?” என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளையின் உயிர்தான் பெரிது. அதில் விவாதத்துக்கே இடமில்லை. ஆனால், அந்தப் பிள்ளையை இந்தப் புகை எவ்வளவு தூரம் காக்கின்றது என்பதையும் நாம் கேட்கத்தானே வேண்டும்?

மலேரியா கற்றுத் தந்தது

நுளம்புக்கு மருந்தடிப்பது எமது நாட்டுக்குப் புதியதல்ல. 1934 - 35இல் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. இரண்டாம் உலகப் போரின் முடிவில் டி.டி.ரி. வந்தது. வீட்டுச் சுவர்களில் அதை விசிறினார்கள். 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்தது என்று எல்லோரும் எண்ணியிருக்க, 1960களின் பிற்பகுதியில் அது ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. விசிறலும் கண்காணிப்பும் தளர்ந்தமை ஒரு காரணம். பின்னர் நுளம்பு டி.டி.ரி.க்குப் பழகிப்போனதும் தெரியவந்தது. அதன்பின் 1970களில் மலத்தியன் வந்தது. அந்த மணத்தை இன்றும் நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் ஊரூராக இருக்கின்றார்கள்.

போர்க்காலத்தில் வன்னியிலும் மன்னாரிலும் மலேரியா எப்படி வாட்டியது என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. கடைசி உள்ளூர் நோயாளர் காணப்பட்டது 2012இல். 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு வழங்கியது. இந்த வெற்றிக்குச் சுவருக்கு அடித்த மருந்து உதவியது உண்மை. ஆனால் அதனால் மட்டும் வந்த வெற்றியல்ல இது. காய்ச்சல் கண்டவரின் விரலிற் குத்தி இரத்தம் எடுத்து உடனே பார்த்தது, மருந்து தோய்த்த நுளம்பு வலை, காட்டோரக் கிராமங்களுக்கும் போன நடமாடும் சிகிச்சைக் குழுக்கள் எல்லாம் சேர்ந்தே அதைச் சாதித்தன.

ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். மலேரியா நுளம்பு இரவில் கடிப்பது. இரத்தம் குடித்த பின் சுவரில் இருந்து இளைப்பாறுவது. ஆகவே மருந்தைச் சுவரில் பூசினால் அதற்குப் போதும். அந்த மருந்து பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நின்றது. டெங்கு நுளம்போ பகலில் கடிப்பது. காலையில் சூரியன் எழுந்த பின்னரும், மாலையில் சூரியன் மறையுமுன்னரும் அதன் உற்சாகம் அதிகம். இதனால்தான் சுவருக்குப் பூசிய மருந்து முற்றத்துப் புகையாக மாறியது. புகை அடிப்பதற்குப் பொருத்தமென்று தெரிவு செய்யப்படும் அந்தக் காலை வேளைதான் தேனீக்களும் மும்முரமாக வெளியே திரியும் வேளை. பிரச்சினை இங்கேதான் தொடங்குகின்றது.

புகை செய்வதும் செய்யாததும்

புகை இயந்திரத்தில் பெரும்பாலும் பைரித்திரொயிட்டு வகை மருந்தொன்றை டீசலுடனோ மண்ணெண்ணெயுடனோ கலந்து அடிக்கின்றார்கள். அது தலைமயிரின் தடிப்பிலும் பார்க்கச் சிறிய துளிகளாகப் பிரிந்து காற்றில் மிதக்கும். பறந்துகொண்டிருக்கும் நுளம்பில் பட்டால் அது விழும். அரை மணி நேரத்தில் புகை கலைந்துவிடும். அதன் பின்னர் அங்கே வரும் நுளம்பை அது எதுவும் செய்யாது. தண்ணீரில் கிடக்கும் குடம்பியை அது தொடுவதில்லை. சிரட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் முட்டையைத் தொடுவதில்லை; அந்த முட்டை தண்ணீர் இல்லாமலும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கக் கூடியது. இன்று புகை அடித்த வளவில், நாளைக் காலை கூட்டுப்புழுவிலிருந்து புதிய நுளம்பு எழும்பிப் பறக்கும். இதனாலேயே புகையடித்தலை நோய் பரவி நிற்கும் நேரத்துக்குரிய அவசர வேலையாகவே சுகாதார நிபுணர்கள் கருதுகின்றார்கள்.

இன்னொன்றும் உண்டு. டெங்குவைப் பரப்பும் நுளம்புகளில் முதன்மையானது வீட்டுக்குள் இருட்டான இடங்களில் தங்குவது. கட்டிலின் கீழ், அலுமாரிக்குப் பின்னால், கொடியில் தொங்கும் சேலைக்கும் சாரத்துக்கும் இடையில் அது இருக்கும். புகை இயந்திரத்தின் சத்தம் ஒழுங்கையில் கேட்டவுடன் எமது மக்கள் என்ன செய்கின்றார்கள்? கதவையும் யன்னலையும் இறுகச் சாத்துகின்றார்கள். மணம் தாங்க முடியாது, குழந்தைக்கு மூச்சு முட்டும், சோற்றுப் பானையில் படும் என்று அவர்கள் அஞ்சுவது நியாயமே. விளைவு என்ன? நுளம்பு வீட்டுக்குள் பத்திரமாக இருக்க, புகை முழுவதும் வளவில் நிற்கின்றது. வளவில் இருப்பவை முருங்கையும் மாவும் பாகற்கொடியும் அவற்றின் பூக்களை நாடி வந்த உயிர்களும். செடிகளுக்குள் தங்கும் இரண்டாவது டெங்கு நுளம்பு இனத்தில் சில மடியலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் யாருக்கு நட்டம் கூட?

பைரித்திரொயிட்டுகள் மனிதருக்கு ஒப்பீட்டளவில் நஞ்சு குறைந்தவை என்றே தெரிவு செய்யப்பட்டவை. தேனீக்கு அவை கடும் நஞ்சு. நேரே பட்டால் நடுங்கி விழுந்து சாகும். சாகும் அளவுக்குப் படாவிட்டாலும், வழி தவறிக் கூட்டுக்குத் திரும்ப முடியாமற் போகும். பெட்டிக்குள் இறந்து கிடந்தால் வளர்ப்பவர் காண்பார். வயலிலும் வேலியிலும் வழிதவறிப் போனதை யார் காண்பது? பெட்டி நாளுக்கு நாள் இலேசாகிக்கொண்டு போவது மட்டும் தெரியும்.

வளவில் வாழும் விருந்தாளிகள்

தேனீ என்றவுடன் பெட்டியில் வளர்ப்பது மட்டுமே பலருக்கு நினைவு வருகின்றது. பெட்டியிலும் மண்முட்டியிலும் நாம் வளர்ப்பது ஓர் இனம். பெருமரங்களின் கிளையிலும் தண்ணீர்த் தாங்கியின் அடியிலும் பெரிய அடை தொங்கவிடும் பெருந்தேனீ வேறு. வேலிக் கொம்பில் கையகல அடை கட்டும் கொம்புத்தேனீ வேறு. சுவர் வெடிப்புக்குள் குடியிருந்து, வாசலில் பிசினால் சிறு குழாய் வைத்து வாழும் கொட்டாத சிறு தேனீ இன்னொன்று. இவற்றைத் தவிரத் தனித்து வாழும் தேனீக்கள் பல. எல்லாமாக ஏறத்தாழ 150 இனங்கள் இந்தச் சிறிய தீவில் உள்ளன. கூரைச் சலாகையையும் பட்ட மரத்தையும் துளைத்துக் குடியிருக்கும் கரிய தச்சன் தேனீயை வண்டென்றே எம்மவர் சொல்வர். அது வீட்டுமரத்தைக் கெடுக்கின்றது என்று அடித்து விரட்டுகின்றோம். ஆனால் கத்தரித் தோட்டத்தில் அதற்கு ஈடான தொழிலாளி கிடையாது. கத்தரிப் பூவின் மகரந்தம் குழாய் போன்ற பைக்குள் அடைபட்டு, நுனியிலுள்ள சிறு துவாரத்தால் மட்டுமே வெளிவரும். இந்தத் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து இரைந்து அதிரச் செய்யும்போது மகரந்தம் உதிரும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது.

பூசணியை எடுத்துக்கொள்வோம். அதில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தம் பசைத் தன்மையானது, பாரமானது, காற்று அதைச் சுமக்காது. பெண் பூ விரிந்திருப்பது ஒரே ஒரு காலைப் பொழுதுதான். விடியுமுன் விரிந்து, வெயில் ஏற வாடிச் சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து விழும். போதியளவு வராவிட்டால் காய் கோணலாக வளரும். பிஞ்சு விழுந்தால் எமது தோட்டக்காரர் நாவூறு என்கின்றார், பசளை போதாது என்கின்றார், அடுத்த போத்தல் மருந்து வாங்குகின்றார். அந்த மருந்து மிச்சம் மீதியாக நின்ற தேனீயையும் முடித்துவிடுகின்றது. சில இடங்களில் பெண்கள் விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வைக்கின்றார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் தேனீ கூலியில்லாமற் செய்த வேலையை இப்போது அந்தத் தாய் செய்யவேண்டியிருக்கின்றது.

காலையில் அடித்தால்தானே தீங்கு, மாலையில் அடித்தால் என்ன என்று கேட்கலாம். மாலையில் அடிப்பதே மேல் என்பதுதான் எமது கருத்தும். தேனீக்களில் பெரும்பகுதி அந்நேரம் கூட்டுக்குத் திரும்பியிருக்கும். எனினும் மாலைக்கும் உரிமையாளர் உண்டு. புடோல் பூ மாலையில் விரிவது. நூல் நூலாகப் பிரிந்த அந்த வெள்ளைப் பூ இரவில் வரும் அந்துப் பூச்சிகளுக்காகவே படைக்கப்பட்டது போல் இருக்கும். சுரைப் பூவும் பீர்க்கம் பூவும் மாலையிலேயே விரிபவை. நிலவு நாட்களில் பெருந்தேனீ இரவிலும் பறந்து பூக்களை நாடும். மாம்பூவுக்குப் பெரிதும் உதவுவன ஈக்கள். வடக்கில் டெங்கு கூடுவது மாரியை ஒட்டிய மார்கழி, தை மாதங்களில், மா பூக்கத் தொடங்குவதும் அதே காலத்தில். மாத்தளை, குருநாகல் பக்கங்களில் கொக்கோச் செய்கையாளர் உள்ளனர். கொக்கோப் பூவுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வது நுளம்பைப் பார்க்கிலும் சிறிய ஒருவகைக் கொசு. அதைக் காப்பாற்றி நுளம்பை மட்டும் கொல்லும் புகையை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இவ்வளவுக்கும், நுளம்பே பூந்தேன் குடித்து வாழும் உயிர்தான். பெண் நுளம்பு முட்டைக்காக மட்டும் இரத்தம் தேடுகின்றது.

மிளகாய்க்கும் தக்காளிக்கும் இந்தக் கவலை குறைவு; அவை பெரும்பாலும் தாமாகவே காய்க்கும். நெல்லுக்குக் காற்றுப் போதும். பாதிக்கப்படுவது வீட்டுத் தோட்டம். ஏழைக் குடும்பம் கடையில் வாங்காமல் சட்டியில் போடும் மரக்கறியும் பழமும் அங்கேதான் விளைகின்றன.

தூரத்து நாட்டு அனுபவமொன்று உண்டு. 2016 ஓகஸ்ட் மாத இறுதியில், ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள டோர்செஸ்ரர் கவுண்டியில், சிகா நோய்ப் பயத்தினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விமானத்திலிருந்து நேலெட் என்ற மருந்தை விசிறினார்கள். ஒரே ஒரு பண்ணையில் 46 பெட்டிகளிலிருந்த ஏறத்தாழ 25 இலட்சம் தேனீக்கள் மடிந்தன. அங்கே நுளம்புக்கு மருந்தடிப்பது வழமையான வேலை. முன்னரெல்லாம் வாகனத்திலிருந்து அடித்தார்கள், தேனீ வளர்ப்போருக்கு முன்கூட்டியே சொன்னார்கள். அந்த முறை அடித்தது காலை வெளிச்சத்தில். அறிவித்தலும் எல்லோரையும் போய்ச் சேரவில்லை. நேரமும் அறிவித்தலும் பிழைத்ததால் வந்த இழப்பு அது. அதே நாட்டில் இப்போது தனியார் நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டு முற்றத்துச் செடிகளின் இலைகளில், பல வாரம் நிலைத்து நிற்கும் மருந்தை விசிறிக் கொடுக்கின்றன. நோய் இருக்க வேண்டுமென்பதில்லை. மாலையில் முற்றத்தில் இருந்து கதைக்க நுளம்புக்கடி இடைஞ்சலாக இருந்தாலே போதும். இந்த நாகரிகம் எமது நகரங்களுக்கும் வந்துவிட்டது. கலியாண வீட்டுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் திருவிழாவுக்கும் முதல்நாள் புகை அடிப்பது வழக்கமாகி வருகின்றது. டெங்கு நோயாளி ஒருவரும் இல்லாத ஊரில், பூப்பந்தலைச் சுற்றி மருந்துப் புகை!

ஏன் புகையையே விரும்புகின்றோம்?

புகை கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். அதிகாரிக்கும் அரசியல்வாதிக்கும் அது வசதி. வேலை நடந்தது என்று காட்டலாம், படம் எடுக்கலாம். எமது மக்களுக்கும் வசதி. வேறொருவர் வந்து செய்துவிட்டுப் போவார், நாம் வளவைக் கூட்ட வேண்டியதில்லை. “எங்கட பக்கம் இன்னும் புகை அடிக்கேல்லை” என்ற முறைப்பாட்டை நாம் கிராமக் கூட்டங்களில் பல முறை கேட்டிருக்கின்றோம். “எங்கட பீலிக்குள்ள இலை அடைச்சுப்போய்க் கிடக்கு” என்று எவரும் எழுந்து சொல்லி நாம் கேட்டதில்லை.

முட்டை நுளம்பாக எட்டுப் பத்து நாட்கள் வேண்டும். ஆகவே வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் வளவைச் சுற்றி வந்து தண்ணீர் நிற்பதையெல்லாம் கவிழ்த்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். சிரட்டை, யோகட் கோப்பை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மூடியில்லாத தாங்கி, பாவனையில் இல்லாத மலசலகூடக் குழி என்று இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இதை ஒவ்வொரு வளவுக்காரரின் கடமையாகவே ஆக்கியிருக்கின்றது. கடற்கரைக் கிராமங்களுக்கு ஒரு வார்த்தை: டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும் பெருகும் என்று நாம் படித்தது இப்போது முழு உண்மையல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கரையோரங்களில் அது உவர்த் தண்ணீரிலும் வளர்வதை ஆய்வாளர் கண்டிருக்கின்றார்கள். வள்ளத்துக்குள் தேங்கிய நீரையும் பாழ்க்கிணற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கிணற்றைப் பற்றி எழுதும்போது மன்னார் நினைவுக்கு வருகின்றது. 2016இன் இறுதியில் அங்கே புதிய மலேரியா நுளம்பு இனமொன்று கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது அதுதான். மன்னாரில் அது கிணறுகளிலேயே பெருகியது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணற்று நுளம்பைப் புகையால் துரத்த முடியுமா? குடம்பி தின்னும் மீனைக் கிணற்றில் விடலாம்; பாவிக்காத கிணற்றை மூடலாம் அல்லது வலையிடலாம். மீன் விடும்போது ஒரு கவனம்: கப்பி மீன் பிறநாட்டு மீன், அது கிணற்றோடும் தொட்டியோடும் நிற்கட்டும், குளத்துக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் விடப்பட்டால் ஊர் மீன்களுக்குப் போட்டியாகும். மீன் விட முடியாத இடத்துக்கு, நுளம்புக் குடம்பியைத் தாக்கும் பற்றீரியா மருந்து உண்டு. அது தேனீயை ஒன்றும் செய்யாது.

வேறொரு காரணமும் புகையைச் சிக்கனமாகப் பாவிக்கச் சொல்கின்றது. டி.டி.ரி.க்கு நடந்ததே பைரித்திரொயிட்டுக்கும் நடந்துகொண்டிருக்கின்றது. இலங்கையின் பல பகுதிகளில் டெங்கு நுளம்பு இந்த மருந்துகளுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்று வருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வாரந்தோறும் இலட்சக்கணக்கில் பெருகும் நுளம்பு மருந்துக்குப் பழகிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒரு சில குடிகளாகப் பிரியும் தேனீக்கு அந்த அவகாசம் இல்லை. தேவையில்லாத நாளில் புகையை வீணாக்கினால், உண்மையாகவே நோய் பரவும் நாளில் அது பயன்படாமற் போகும்.

தேனீ குறைவதற்கு நுளம்புப் புகைதான் முழுக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. தோட்டங்களுக்கு அடிக்கும் கிருமிநாசினியும் காடழிப்பும் அதிலும் பெரிய காரணங்கள். ஆனால் தோட்டத்தில் அடிபட்ட தேனீக்கு மிஞ்சியிருந்த தஞ்சம் வீட்டு வளவு. அங்கேயும் துரத்தினால் அது எங்கே போகும்?

ஆகவே எமது கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் தத்தம் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடனும் பிரதேச சபையுடனும் இருந்து பேசவேண்டிய விடயங்கள் சில உள்ளன. டெங்கு நோயாளி காணப்பட்ட வீட்டையும் அதன் அயலையும் விட்டு வேறெங்கும் புகை அடிக்க வேண்டாம் என்று கேட்கலாம். அடிக்கும் நாளில் காலையைத் தவிர்த்து, மாலை ஐந்தரைக்குப் பின்னர் அடிக்கும்படி கேட்கலாம். பூத்து நிற்கும் மாவுக்கும் முருங்கைக்கும் கொடிப் பந்தலுக்கும் நேரே குழாயைப் பிடிக்க வேண்டாம் என்று இயந்திரம் தூக்கி வரும் இளைஞருக்கே சொல்லலாம். அவர்கள் கேட்பார்கள், அவர்களும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான். புகை வரும்போது வீட்டுக்காரர் உணவையும் தண்ணீரையும் மூடிவைத்து, குழந்தைகளையும் முதியோரையும் சற்று அப்பால் அழைத்துச் சென்று, கதவு யன்னலைத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் மருந்து போகவேண்டிய இடத்துக்குப் போகும்.

முக்கியமாக, ஒரு நாள் முன்னதாக அறிவித்தல் வேண்டும். மரண அறிவித்தலுக்கும் கூட்ட அறிவித்தலுக்கும் ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டி ஒழுங்கை ஒழுங்கையாகப் போகின்றது, இதற்கும் போகலாம். ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் யார் யார் தேனீப் பெட்டி வைத்திருக்கின்றார்கள் என்ற பட்டியலைச் சங்கச் செயலாளர் ஒரு கொப்பியில் எழுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுத்து வைக்கட்டும். செய்தி கிடைத்த வளர்ப்பவர், தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பின், பெட்டி வாசலைக் காற்றுப் புகும் கம்பி வலையால் அடைத்து, மேலே ஈரச் சாக்கைப் போர்த்து, புகை நன்றாகக் கலைந்த பின் இருட்டிலேயே திறந்துவிடலாம். மறுநாள் வெயில் ஏறும்வரை அடைத்து வைத்தால் உள்ளே வெக்கையில் அடை உருகித் தேனீக்களும் மூச்சடைத்துச் சாகும்; அதை மறக்கக் கூடாது. சாக்கு ஒன்றும் கம்பி வலைத் துண்டொன்றும் மாரி தொடங்குமுன்னரே பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.